கார்பன் அனுமதி: யாருக்கு எவ்வளவு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தை பற்றியும் இந்தியாவில் தொடங்கியிருக்கும் கார்பன் வரவுத் திட்டம் பற்றியும் வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: எந்த ஆலைக்கு எவ்வளவு அனுமதி, அதை எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள்? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஐரோப்பாவில் ஆலைகளுக்குக் கார்பன் அனுமதியை இலவசமாகவே கொடுக்கிறார்களாமே? சும்மா கிடைத்தால் யார் புகையைக் குறைப்பார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: குறைப்பார்கள். இலவசமாக வந்தாலும் அதை விற்றுக் காசாக்கலாம் என்பதால்தான். ஓர் அனுமதி என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் உரிமை. சந்தையில் அதன் விலை 70 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 யூரோ செலவில் ஒரு டன்னைக் குறைக்கத் தெரிந்த ஆலை, குறைத்துவிட்டு மிஞ்சிய அனுமதியை விற்றால் 30 யூரோ கையில் நிற்கும். குறைக்க 120 யூரோ ஆகும் ஆலை அதை வாங்கிக்கொள்ளும். அனுமதி இலவசமாக வந்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது.

மொத்தம் எவ்வளவு புகை போகலாம் என்பதை முடிவுசெய்வது உச்சவரம்பு. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது ஒதுக்கீடு. செலவு யார் தலையில் விழுகிறது, ஆதாயம் யார் பைக்குப் போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சண்டையெல்லாம் அதற்காகத்தான்.

உச்சவரம்பே கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஐரோப்பாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2005இல் சந்தை தொடங்கியபோது ஒவ்வொரு நாடும் தன் ஒதுக்கீட்டுத் திட்டத்தைத் தானே எழுதியது. முதல் கட்டமான 2005-07இல் குறைந்தது 95 சதவீதத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சரிபார்த்த பழைய புள்ளிவிவரம் அப்போது கிடையாது. ஆலைகள் சொன்ன கணக்கை நாடுகள் ஏற்றுக்கொண்டன. நாடுகள் தங்கள் தொழிலுக்குத் தாராளமாகவே நடந்துகொண்டன. 2006 ஏப்ரலில் முதன்முதலாகச் சரிபார்த்த கணக்கு வெளியானது. உமிழ்வைவிட அனுமதி அதிகம் என்று தெரிந்த சில நாள்களில் விலை பாதியானது. அந்தக் கட்டத்து அனுமதியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச்செல்லவும் வழியில்லை. 2007 முடியும்போது ஓர் அனுமதி சில சென்ட்டுக்குப் போனது.

2013 முதல் நாடுவாரித் திட்டங்கள் போய், ஒன்றியம் முழுமைக்கும் ஒரே வரம்பு வந்தது. அது ஆண்டுதோறும் குறைகிறது: 2021 முதல் 2.2 சதவீதம், 2024 முதல் 4.3, 2028 முதல் 4.4. இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது முந்தைய ஆண்டின் வரம்பில் 4.3 சதவீதம் கிடையாது. 2008-12 காலத்தை வைத்துக் கணக்கிட்ட நிலையான அடிப்படை அளவில் 4.3 சதவீதம். அதாவது ஆண்டுக்கு 8 கோடி டன்னுக்கு மேல் ஒரே அளவாகக் கழிகிறது. கூட்டுவட்டியைத் திருப்பிப் போட்டதுபோல் கணக்குப் போடுபவர்கள், வரம்பு பூஜ்யத்தை நெருங்கும் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

கே: ஒரு சிமென்ட் ஆலைக்கு இத்தனை அனுமதி என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உண்மையான எண்களோடு சொல்ல முடியுமா? (சிமென்ட் ஆலை ஊழியர், அரியலூர்)

ப: 2025 வரையிலான கணக்கில் நான்கு எண்களைப் பெருக்க வேண்டும்: பெஞ்ச்மார்க், ஆலையின் பழைய உற்பத்தி, கார்பன் கசிவுக் காரணி, திருத்தக் காரணி.

பெஞ்ச்மார்க் என்பது ஒரு டன் பொருளுக்கு இத்தனை டன் கார்பன் என்ற அளவுகோல். அந்தத் தொழிலில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த 10 சதவீத ஆலைகளின் சராசரியிலிருந்து எடுத்தது. சாம்பல் நிற கிளிங்கருக்கு (சூளையில் சுட்டெடுத்து, பிறகு அரைத்துச் சிமென்ட் ஆக்கும் பொருள்) 2013-20 காலத்தில் 0.766, 2021-25இல் 0.693. பழைய உற்பத்தி என்பது 2021-25 ஒதுக்கீட்டுக்கு 2014-18இன் சராசரி. 2026-30க்கு 2019-23இன் சராசரி. தொழில் ஐரோப்பாவை விட்டு வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்று அஞ்சப்படும் துறைகளுக்குக் கசிவுக் காரணி முழுசாக 1. சிமென்ட் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாத துறைக்கு 0.3தான், அதுவும் 2026க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து 2030இல் பூஜ்யம். எல்லா ஆலைகளின் கணக்கையும் கூட்டினால் இலவசத்துக்கென்று ஒதுக்கிய அளவைத் தாண்டும்போது அனைவருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டுவது திருத்தக் காரணி. 2021-25இல் வெட்டு இல்லை, அதனால் 1.

ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் எடுக்கும் ஆலைக்கு: 10,00,000 × 0.693 = 6,93,000 அனுமதிகள்.

இந்த ஆலை உண்மையில் எவ்வளவு வெளியிடும்? சுண்ணாம்புக்கல் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே பிரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.525 டன். இது வேதியியல், எந்த பர்னரை மாற்றினாலும் குறையாது. எரிபொருள் தனி. டன்னுக்கு 3.3 கிகா ஜூல் வெப்பம், எரிப்பது நிலக்கரி என்றால் இன்னொரு 0.31. மொத்தம் 0.835. ஆலைக்குத் தேவை 8,35,000, கையில் 6,93,000, துண்டு விழுவது 1,42,000. விலை 70 யூரோ என்றால் ஏறத்தாழ 99 லட்சம் யூரோ.

0.693இல் கல்லின் பங்கைக் கழித்துப் பாருங்கள். எரிபொருளுக்கு மிஞ்சுவது 0.168. நிலக்கரியை மட்டும் எரித்து அந்த எண்ணைத் தொடவே முடியாது. அந்த முதல் 10 சதவீத ஆலைகள் உயிர்மக் கழிவு கலந்த மாற்று எரிபொருளை நிறைய எரிப்பவை; அந்த உயிர்மப் பங்குக்குக் கார்பன் கணக்கு பூஜ்யம். ஆகவே எரிபொருளை மாற்றாத ஆலை அனுமதி வாங்கித்தான் காலம் தள்ள வேண்டும்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. அளவுகோல் சிமென்டுக்கு இல்லை, கிளிங்கருக்கு. சாம்பலும் கசடும் கூடுதலாகக் கலந்து கிளிங்கரைக் குறைக்கும் ஆலையின் உமிழ்வு குறையும், ஆனால் கிளிங்கர் உற்பத்தி குறைந்ததால் நாளடைவில் அதன் இலவச ஒதுக்கீடும் கூடவே சுருங்கும். வெறும் அரைவை ஆலைக்கு இந்த வகையில் எதுவுமே கிடையாது. சிமென்டில் கார்பனைக் குறைக்க இருப்பதிலேயே மலிவான வழி கிளிங்கரைக் குறைப்பதுதான்; அதற்கான பலனை இந்த விதி பாதியில் பிடுங்கிக்கொள்கிறது. இது விதியின் குறை என்றே சொல்வோம்.

பெஞ்ச்மார்க் எல்லாத் துறையிலும் ஒரே வேகத்தில் குறையவில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 0.2 சதவீதம், அதிகம் 1.6 சதவீதம் என்று 15 ஆண்டுகளுக்கு வெட்டினார்கள். ஊதுலை இரும்பு 1.328இலிருந்து 1.288க்கு வந்தது, அதாவது குறைந்தபட்ச வெட்டான 3 சதவீதம் மட்டும். சுண்ணாம்பு 0.954இலிருந்து 0.725, உச்ச வெட்டான 24 சதவீதம். 2026-30க்கு இந்த எல்லைகளே 0.3, 2.5 என்று இறுகிவிட்டன.

கே: உற்பத்தியைக் குறைத்துவிட்டு அனுமதியை விற்றுச் சம்பாதிக்க முடியாதா? (வணிகவியல் ஆசிரியர், மதுரை)

ப: முடிந்தது. 2013-20 விதி படிக்கட்டு மாதிரி இருந்தது. பழைய உற்பத்தியிலிருந்து 50 சதவீதத்துக்குக் குறைவாக வீழ்ந்தால் முழு ஒதுக்கீடு. 50 முதல் 75 சதவீதம் வீழ்ந்தால் பாதி. 75க்கு மேல் போனால் கால்வாசி. 90 சதவீதத்தையும் தொட்டால் ஒன்றும் இல்லை.

மேலே சொன்ன 10 லட்சம் டன் ஆலையையே எடுத்துக்கொள்வோம். அன்றைய அளவுகோல் 0.766, திருத்தக் காரணியை விட்டுவிடலாம், டன்னுக்கு 0.82 உமிழ்வு. 5,10,000 டன் கிளிங்கர் எடுத்தால் வீழ்ச்சி 49 சதவீதம். கிடைப்பது 7,66,000 அனுமதி, தேவை 4,18,200. மிச்சம் 3,47,800 விற்பனைக்கு. 4,90,000 டன் எடுத்தால் வீழ்ச்சி 51 சதவீதம். கிடைப்பது 3,83,000, தேவை 4,01,800. கையிலிருந்து போட வேண்டும். வெறும் 20,000 டன் கிளிங்கருக்காக 3,83,000 அனுமதிகள் கைமாறுகின்றன.

பிறகு என்ன நடக்கும்? 2008க்குப் பிறகு கட்டுமானம் படுத்துவிட்ட நாடுகளில், இரண்டு மூன்று சூளை வைத்திருந்த நிறுவனங்கள் ஒன்றை நிறுத்தி மற்றதை முழு வேகத்தில் ஓட்டவில்லை; எல்லாவற்றையும் பாதிக்குச் சற்று மேலே ஓட்டின. மிஞ்சிய கிளிங்கரை ஏற்றுமதி செய்தன. மந்தத்தில் ஓடும் சூளை டன்னுக்குக் கூடுதல் எரிபொருள் குடிக்கும் என்பது உங்கள் ஊர் சூளைக்காரர்களுக்கே தெரியும்.

2021 முதல் இந்தப் படிக்கட்டு போய்விட்டது. இரண்டு ஆண்டு உற்பத்திச் சராசரி பழைய அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ ஒதுக்கீடும் அதற்கேற்ப மாறும்.

கே: மின் நிலையங்களுக்கு மட்டும் ஏன் இலவசம் இல்லை? (ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், நெய்வேலி)

ப: இலவசமாக வாங்கியதற்கும் மக்களிடம் விலை வசூலித்ததால். நிலக்கரி மின்சாரம் ஒரு மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு. அனுமதி விலை 20 யூரோ என்றால், அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிலையம் 18 யூரோ பெறுமான அனுமதியைக் கரைக்கிறது. உற்பத்தி செய்யாமல் இருந்தால் அதை விற்கலாம். ஆகவே மொத்தச் சந்தையில் ஏலம் கேட்கும்போது 18 யூரோவைச் சேர்த்தே கேட்கும். அது தில்லுமுல்லு இல்லை, சந்தைக் கணக்கு. ஆனால் நுகர்வோர் கொடுத்த 18 யூரோ முழுசும் நிறுவனத்துக்கு லாபமாகப் போனது. மின்சாரம் வேறு கண்டத்திலிருந்து கப்பலில் வரப்போவதில்லை, கசிவு பயமும் குறைவு. அதனால் 2013 முதல் மின் உற்பத்திக்கு ஏலம்தான். வருமானம் குறைந்த சில உறுப்பு நாடுகளின் நிலையங்களுக்கு மட்டும் இடைக்கால விலக்கு.

ஏலம் பெரும்பாலும் லைப்சிக் நகரிலுள்ள ஐரோப்பிய எரிசக்திச் சந்தையில் நடக்கிறது. ஒரு லாட் 500 அனுமதி. ஒரே சுற்று, மூடிய கேட்பு. விலையை மேலிருந்து கீழாக அடுக்கி, விற்பனைக்கு வைத்த அளவு நிரம்பும் இடத்திலுள்ள விலைதான் அனைவருக்கும். 72 கேட்டவரும் 70.10 கேட்டவரும் வெட்டு விலையான 70.10ஐத்தான் கொடுப்பார்கள். கேட்பு மொத்த அளவைத் தொடாவிட்டால் அன்றைய ஏலம் ரத்து. 2021-30 காலத்தின் மொத்த அனுமதியில் 57 சதவீதம் ஏலத்துக்கு என்பது சட்டம்.

கே: கணக்கில் அனுமதி இருந்தும் அபராதம் விழுமா? (கணக்குத் தணிக்கையாளர், சென்னை)

ப: விழும். ஸ்வீடனின் பில்லெரூட் காகித நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டுக்கான அனுமதிகளைக் கணக்கில் வைத்திருந்தும், 2007 ஏப்ரல் 30க்குள் ஒப்படைக்கத் தவறின. அன்றைய அபராதம் டன்னுக்கு 40 யூரோ. அனுமதி கைவசம் இருந்ததே என்று வழக்காடியதில், 2013 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதம் சரி என்றது. வைத்திருப்பது வேறு, ஒப்படைப்பது வேறு.

இப்போது அபராதம் டன்னுக்கு 100 யூரோ, பணவீக்கம் தனி. கட்டினாலும் கடன் தீராது. குறைந்த அனுமதியை அடுத்த ஆண்டு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். முந்தைய ஆண்டின் சரிபார்த்த அறிக்கைக்குக் கடைசி நாள் மார்ச் 31. இலவச அனுமதி ஜூன் 30க்குள் கணக்கில் ஏறும். ஒப்படைப்பு செப்டம்பர் 30க்குள். பதிவேட்டில் ஒருவர் போட்ட பரிமாற்றத்தை இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாம் ஆள் விடுப்பில் போகும் தேதியைப் பார்த்துத் திட்டமிடாத அலுவலகங்களே மாட்டிக்கொள்கின்றன.

கே: இந்தியத் திட்டமும் இதே மாதிரிதானா? (காகித ஆலை மேலாளர், கரூர்)

ப: பெயர்தான் ஒத்திருக்கிறது, ஏற்பாடு வேறு. 2023 ஜூனில் அறிவித்த கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை. மொத்த உச்சவரம்பும் இல்லை. ஆலைவாரியாக, சமன்செய்த ஒரு டன் பொருளுக்கு இத்தனை டன் கார்பன் என்று செறிவு இலக்கு மட்டுமே. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய 4 துறைகளின் 282 ஆலைகளுக்கு இலக்கு அறிவித்தார்கள். அடிப்படை ஆண்டு 2023-24. இலக்கு ஆண்டுகள் 2025-26, 2026-27.

கணக்கு ஆண்டு முடிந்த பிறகுதான். இலக்கு 0.700, எட்டியது 0.680, உற்பத்தி 20 லட்சம் டன் என்றால் 0.020 × 20,00,000 = 40,000 கார்பன் வரவுச் சான்றிதழ்கள் கிடைக்கும். எட்டியது 0.715 என்றால் 30,000 வாங்கி ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்தச் சுற்றில் சான்றிதழ் விற்ற சராசரி விலையின் இரு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எண்ணின் மூன்றாம் தசமம் கூட உற்பத்தியால் பெருகிப் பெரிய தொகையாகும். மேலே உள்ள ஆலையில் 0.001 பிழை என்றால் 2,000 சான்றிதழ். நிலக்கரி ஈரப்பதம், எடைமேடை அளவுத்திருத்தம், உயிர்ம எரிபொருளின் பங்கு ஆகியவற்றை ஆவணத்தோடு வைத்திருங்கள். இரண்டாவது, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வும் இந்தியக் கணக்கில் சேரும்.

எங்கள் கருத்து: வளரும் தொழில்கள் உள்ள நாட்டில் செறிவு இலக்கு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இங்கே ஒதுக்கீடும் மொத்த அளவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இலக்கைத் தளர்வாக வைத்தால் சான்றிதழ் குவிந்து விலை சரியும். தடுத்து நிறுத்த மேலே ஒரு வரம்பு இல்லை.

கே: மரம் நட்டுக் கிடைக்கும் கார்பன் சான்றிதழை ஐரோப்பிய ஆலை பயன்படுத்தலாமா? (விவசாயி, தேனி)

ப: முடியாது. 2021 முதல் வெளிநாட்டு ஈட்டுச் சான்றிதழ் எதையும் அங்கே ஏற்பதில்லை. தன்னார்வச் சந்தை வேறு, அதில் விற்கலாம்.

கே: நாங்கள் ஜெர்மனிக்கு போல்ட், நட் அனுப்புகிறோம். ஒரு வாங்குநருக்கு ஆண்டுக்கு 20 டன்தான். சிபாம் எங்களைப் பாதிக்குமா? ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவச அனுமதி கொடுத்துவிட்டு எங்களிடம் கட்டணம் கேட்பது நியாயமா? (சிறுதொழில் முனைவோர், கோவை)

ப: சிபாம் என்பது ஐரோப்பாவுக்குள் வரும் பொருளுக்கு எல்லையில் போடும் கார்பன் கட்டணம். போல்ட், நட் அதன் இரும்பு-எஃகுப் பட்டியலில் இருக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல் அது உண்மையான பொறுப்பாகிவிட்டது.

ஆண்டுக்கு 50 டன்னுக்குள் என்றால் சிபாம் இல்லை என்ற விலக்கு உங்கள் சரக்குக்கு இல்லை, உங்கள் வாங்குநருக்கு. அவர் எல்லா நாட்டிலிருந்தும் எல்லா விற்பனையாளரிடமிருந்தும் ஓராண்டில் இறக்குமதி செய்யும் சிபாம் பொருள்களைக் கூட்டி 50 டன்னுக்குள் இருந்தால்தான் விலக்கு. உங்களிடம் 20 டன் மட்டும் எடுப்பவர் வேறெங்கோ 400 டன் எடுத்திருக்கலாம். அதை முதலில் கேட்டுவிடுங்கள். கட்டணத்தைக் கட்டுவதும் அவரே. ஆனால் விலை பேசும்போது அது உங்கள் பக்கம் திரும்பும்.

நியாயம் பற்றிய கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. உள்ளூர் ஆலைக்கு இலவசம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அந்த அளவு இறக்குமதிக் கட்டணத்திலும் கழிக்கப்படும். 2026இல் சிபாம் துறைகளின் ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவச ஒதுக்கீடு 97.5 சதவீதம், 2028இல் 90, 2030இல் 51.5, 2034இல் பூஜ்யம். அதனால் முதல் ஓரிரு ஆண்டுகளில் கட்டணம் சிறிதாகத் தெரியும். 2029, 2030இல்தான் சுடும். நீண்டகால ஒப்பந்தம் போடுபவர்கள் 2026ஆம் ஆண்டுக் கட்டணத்தை வைத்து விலை நிர்ணயிக்காதீர்கள்.

உங்கள் பட்டறையின் புகை சொற்பம். பெரும் பங்கு நீங்கள் வாங்கும் கம்பியில் இருக்கிறது. ஒரு டன் போல்டுக்கு 1.08 டன் கம்பிச்சுருள் செலவாகிறது, அது ஊதுலை வழியில் டன்னுக்கு 2.1 டன் கார்பனோடு வந்தது என்றால், 2.27 டன் அங்கேயே ஏறிவிடும். பதப்படுத்தும் உலையின் எரிவாயு 0.1 என்றால் மொத்தம் 2.37. வெட்டுக் கழிவை விற்றாலும் கம்பியின் கார்பன் முழுசும் போல்ட்டின் மேல்தான். எஃகுப் பொருளில் மின்சாரத்தின் உமிழ்வை இப்போதைக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூரையில் சூரியத் தகடு போட்டால் மின் கட்டணம் குறையும், சிபாம் எண் குறையாது.

ஆகவே கம்பி வாங்கும்போதே ஆலையின் சோதனைச் சான்றிதழில் ஹீட் எண்ணை (ஒரு முறை உருக்கிய எஃகுக்கு ஆலை கொடுக்கும் எண்) குறித்துக்கொண்டு, அந்த ஹீட் ஊதுலையா மின்வில் உலையா, டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு, சரிபார்த்தவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். இடைத்தரகரிடம் வாங்கினால் இந்தத் தொடர் அறுந்துவிடும். உமிழ்வு எண் இல்லையென்றால் வாங்குநர், ஐரோப்பிய ஒன்றியம் முன்கூட்டியே நிர்ணயித்த இயல்பு மதிப்பைப் போடுவார். அதில் கூடுதல் விகிதமும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பழைய இரும்பை உருக்கிய கம்பி வாங்கியும் காகிதம் இல்லாததால் ஊதுலைக் கணக்கில் கட்ட நேர்வது இப்படித்தான். ஹீட் எண்வாரியாக எந்தக் கம்பி எந்த லாட் போல்ட்டுக்குப் போனது என்ற பதிவேட்டை இந்த ஆண்டிலிருந்தே தொடங்குங்கள். 2026ஆம் ஆண்டு இறக்குமதிக்கான அறிக்கையை வாங்குநர் 2027இல் தாக்கல் செய்வார், உங்களைக் கேட்பதும் அப்போதுதான்.